செழியனின் ஒப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ரெஜினா தன் கருவிப் பையோடு வந்து சேர்ந்தாள். மறுநாள் பதினோரு மணிக்கு மதிவதனி கோர்ட்டில் நின்று, தன் கணவன் செழியன் இறந்துவிட்டதாகக் கருதலாம் என்ற பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இடையில் இருப்பது ஒரே நாள். அதற்குள் செழியனோடு ஓர் ஆட்டம் ஆடிவிட வேண்டும்.

கேட்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். மதிவதனிக்கே அப்படித்தான் தோன்றியது. ஆனால் நியாயமான காரியங்களை எல்லாம் அவள் ஏழு வருஷமாகச் செய்து பார்த்துவிட்டாள். போலீசில் எழுதிக் கொடுத்தாள். பேப்பரில் போட்டோ போட்டாள். கோயில் கோயிலாகப் போய், அன்னதானப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பம்ப் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராக இருந்த செழியன் ஒரு புதன்கிழமை, "வடக்க ஒரு மோட்டார் நின்னுபோச்சாம், சனிக்கிழம வந்தர்றேன்" என்று கிளம்பினான். பையில் இரண்டு சட்டை, டூத் பிரஷ், ஒரு ஜோடிப் பெட்டி. அந்தச் சனிக்கிழமை இன்னும் வரவில்லை.

ஜோடி என்பது ஒரு விளையாட்டுப் பெட்டியின் பெயர். ஒரு காலத்தில் கோயமுத்தூரில் அது இல்லாத வீடு கிடையாது. பெயருக்கேற்ப இரண்டிரண்டாகத்தான் விற்பார்கள். ஒன்று வீட்டில் இருக்கும், இன்னொன்று ஊர் சுற்றுகிறவரின் பையில் இருக்கும். புருஷன் எந்த ஊர் லாட்ஜில் இருந்தாலும் பெண்டாட்டியோடு சேர்ந்து ஆடலாம். அந்தக் கம்பெனி போன வருஷம் கடையை மூடிவிட்டது. மூடுகிற நேரத்தில் நாணயமாக ஒரு காரியம் செய்தது. ஒவ்வொரு குடும்பத்தின் கோப்புகளையும் மூட்டை கட்டி, பெட்டியைப் பதிவு செய்தவருக்கே ஈமெயிலில் அனுப்பிவைத்தது. மதிவதனிக்கும் ஒரு மூட்டை வந்தது. எட்டு மாதம் அதை அவிழ்க்கவே அவளுக்குக் கை வரவில்லை.

அவிழ்த்திருந்தாலும் பயனில்லை. கம்பெனி போனதும் பெட்டிகளும் போய்ச் சேர்ந்துவிட்டன. பரணிலிருந்து இறக்கிய பெட்டியை எவ்வளவு தட்டினாலும் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது, அவ்வளவுதான். அதனால்தான் ரெஜினாவைக் கூப்பிட்டாள். காந்திபுரத்தில் பழைய எலெக்ட்ரானிக் சாமான்களுக்கு உயிர் கொடுக்கிறேன் பேர்வழி என்று ஒரு கடை வைத்திருப்பவள். ஐம்பத்திரண்டு வயது, கனத்த கண்ணாடி, எதையும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

"ஏனுங், இந்தப் பொட்டி செத்துப்போச்சுன்னு சொல்றீங்க. அப்பறம் எப்பிடிக் கம்ப்யூட்டர்ல ஓட்டறீங்க?" என்று கேட்டார் நாச்சிமுத்து. அவர் செழியனின் அப்பா, மதிவதனியின் மாமனார். எழுபத்தெட்டு வயது. நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவர். மகன் போன பிறகும் மருமகளோடு இதே வீட்டில்தான் இருக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் துணையா சுமையா என்று இருவருக்குமே தெரியாது.

"உசுரெல்லாம் வராதுங்கய்யா, வேசந்தான். இந்தக் கம்ப்யூட்டர், நாந்தான் ஜோடின்னு வேசங்கட்டும். ஆட்டம் அத நம்பி ஓடும். எமுலேட்டர்னா அவ்வளவுதான்."

"ஆள்மாறாட்டம்" என்றார் நாச்சிமுத்து. "எங்க ரிஜிஸ்தர் ஆபீசுல இதுக்குக் கேசு போடுவாங்க."

"இங்க கேசு இல்லீங்க, தலவலிதான்."

தலைவலி உண்மைதான். முதலில் பழைய பெட்டியைப் பிரித்து அதிலிருந்த ஒரு சிப்பைப் படித்து எடுக்க வேண்டியிருந்தது. பெட்டி கண் விழித்ததும் 'நான் யார், எனக்கு எத்தனை கை' என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கிற சிப்பு அது. பயாஸ் என்று பெயர். அது இல்லாமல் எமுலேட்டர் கறுப்புத் திரையைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். எடுத்துப் போட்டதும் மூடவில்லை, ஆனால் மெனு முழுக்க ஜப்பான் மொழியில் வந்தது. ரெஜினா அதைப் படித்துப் புரிந்தவள் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே நாலைந்து இடத்தில் அமுக்கினாள். மெனு தலைகீழானது. மறுபடி அமுக்கினாள். தமிழ் வந்தது, ஆனால் சத்தம் போய்விட்டது. மதிவதனிக்கு ஒன்றும் புரியவில்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர். எது பெட்டி, எது ஆட்டம், எது ஆள் என்றே பிடிபடவில்லை.

"ஆளு எங்கக்கா?" என்று கேட்டாள்.

"இரு, கடசியாத்தான் ஆளு. ஒப்பு ஃபைலு."

நாச்சிமுத்து பேப்பரை இறக்கினார். "அதென்ன ஒப்பு?"

"சின்ன வயசுல ஒப்புக்குச் சப்பாணின்னு ஒருத்தனச் சேத்துக்குவமில்லீங்க, ஆளு கொறஞ்சா? அந்த மாதிரி. ரெண்டு பேரு ஆடற ஆட்டத்துல ஒருத்தர் வரலீன்னா, அவருக்குப் பதிலா பொட்டியே ஆடும். சும்மா ஆடாது. அவரு எப்பிடி ஆடுவாரு, எங்க தப்பு பண்ணுவாரு, என்ன பேசுவாரு, எல்லாத்தையும் பழகிட்டு அவராட்டவே ஆடும். கம்பெனிக்காரன் ஏதோ பெரிய பேரு வெச்சான். சனங்க ஒப்புன்னு சுருக்கிட்டாங்க."

"அப்ப என்ற பையன் உள்ள இருக்கறானா?"

ரெஜினாவின் வாய் முதல் தடவையாகத் தயங்கியது. "இல்லீங்கய்யா. அவரு ஆடுன ஆட்டந்தான் இருக்குது. பேசுனாலும் ஆட்டத்துல பேசுன பேச்சத்தான் பேசும். எங்க இருக்கறன்னு கேட்டாத் தெரியாது."

தெரியாது என்பது மதிவதனிக்கும் தெரியும். இருந்தாலும் கேட்கத்தான் போகிறாள். அதற்காகத்தான் இத்தனை கூத்தும். நாளை காலை அவன் இறந்துவிட்டான் என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்னால், முகத்துக்கு நேரே ஒரு தடவை, எங்கடா போய்த் தொலைந்தாய் என்று கேட்டுவிட வேண்டும். பதில் வராவிட்டால் வேண்டாம். கேட்காமல் கையெழுத்துப் போட்டால்தான் அவளால் தாங்க முடியாது.

பன்னிரண்டு மணி வாக்கில் மூட்டை அவிழ்ந்தது. ரெஜினா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினாள்.

"மூணு ஒப்பு இருக்குது. மதிவதனி. அது நீயி. செழியன் நாச்சிமுத்து. அப்பறம்... நாச்சிமுத்து செழியன்."

"மாமாவா?"

"நானா?" என்றார் நாச்சிமுத்து. "டிவி ரிமோட்டையே தலகீழாப் புடிக்கறவனுங்க நானு." சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போனவர், பத்தே நிமிஷத்தில் சாய்வு நாற்காலியிலேயே கண்ணசந்தார்.

"ரெண்டும் உன்ற வீட்டுக்காரருதான்" என்றாள் ரெஜினா. "நம்மாளுகளுக்கு இதே பொழப்பு. நமக்கெல்லாம் இனிஷியல்தான், குடும்பப் பேரு ஏது? ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு கேட்டா ஒருநா அப்பம் பேரப் பின்னால போடுவான், ஒருநா முன்னால போடுவான். என்ற வீட்டுக்காரரு ஒருவாட்டி ஆஸ்பத்திரில மாத்தி எழுதிட்டாரு. ரத்த டெஸ்ட் ரிசல்ட்டு எங்க மாமனார் பேர்ல வந்துச்சு. அவரு செத்து ஒம்பது வருசம், சுகர் நார்மலு."

மதிவதனி சிரித்தாள். செழியன் விஷயத்திலும் அது உண்மைதான். ரேஷன் கார்டில் ந. செழியன், பாஸ்போர்ட்டில் செழியன் நாச்சிமுத்து, கேஸ் சிலிண்டர் புத்தகத்தில் நாச்சிமுத்து செழியன். அவனைத் தேடிய போலீஸ்காரர்கூட, "எத்தனை பேரும்மா காணாமப் போயிருக்காங்க?" என்று கேட்டார்.

"இன்னொண்ணு பாரு" என்றாள் ரெஜினா. "மூணுலயும் பெருசு உன்ற ஒப்புதான். ஆட ஆடத்தான் ஃபைலு வளரும். இவ்வளவா ஆடியிருக்க?"

"இல்லீங்களேக்கா. மூணு வருசம், அதுவும் ஞாயித்துக்கெழம மட்டுந்தான்."

"அப்ப சைஸ் தப்பாக் காட்டுது. எமுலேட்டர் காட்டற தேதி, சைஸ் எதையும் நம்பாத."

அந்த நேரத்தில் திரையில் ஒரு கட்டம் குதித்தது. 'ஒரே பெட்டியில் ஒரே பெயரில் இரண்டு ஒப்புகள் உள்ளன. ஒன்றாக்கலாமா?' ரெஜினா மதிவதனியைப் பார்த்தாள். மதிவதனி தலையாட்டினாள். ஆம் என்பதை அமுக்கினார்கள்.

ஆட்டத்தின் பெயர் 'மாடிக்கு பீரோ'. பெயரில் உள்ளது தவிர அதில் வேறொன்றும் கிடையாது. குறுகலான படிக்கட்டு, ஒரு பச்சை இரும்பு பீரோ, மேலே ஓர் ஆள், கீழே ஓர் ஆள். நாலு மாடி ஏற்ற வேண்டும். ஒருவர் வேகமாகப் போனால் மற்றவர் நசுங்குவார். பேசினால் மூச்சு குறையும். மூச்சு தீர்ந்தால் கை விட்டுப்போகும். மைக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் அந்த நாளில் மதிவதனி ஒரு சட்டம் போட்டிருந்தாள். 'தூக்கறப்பப் பேசக்கூடாது. திருப்பத்துல பேசிக்கலாம்.' படிக்கட்டு திரும்புகிற இடத்தில் பீரோவைச் சுவரில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கலாம். அவர்களுடைய குடும்ப வாழ்க்கையில் முக்கியமான பேச்செல்லாம் அந்தத் திருப்பங்களில்தான் நடந்தது. டாக்டர் சொன்னது, மூன்றாம் மாதத்தில் கலைந்தது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தது, பிறகு அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டது. நேரில் முகம் பார்த்துப் பேச இருவருக்கும் வரவில்லை.

கம்ப்யூட்டரின் கன்ட்ரோலரில் பழைய ஜோடியின் பிடி கிடையாது. அழுத்திப் பிடிப்பதற்கு ஒரு பட்டன், விடுவதற்கு ஒரு பட்டன் என்று ரெஜினா மாற்றி அமைத்துக் கொடுத்தாள். மதிவதனி தன் பெயரில் உள்ளே போனாள். பீரோவின் மறுமுனையில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் வந்து நின்றான்.

"கைய வை மதி" என்றது செழியனின் குரல்.

அவள் கை வைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் குரல் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்ததை அந்த நிமிஷத்தில்தான் அறிந்தாள். அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. பீரோ சரிந்து கீழ்ப்படியில் போய் விழுந்தது.

"போச்சு. கண்ணாடி ஒடஞ்சுது" என்று சிரித்தான். அதே சிரிப்பு.

இரண்டாம் தடவை முதல் திருப்பம் வரை ஏறினார்கள். அவன் எப்போதும் போல வலது பக்கம் இடித்தான். சாய்த்து வைத்ததும் அவள் கேட்டாள்: "எங்க போன?"

"இங்கதான இருக்கறேன்."

"ஏன் போன?"

"நானா? நீதான் விட்ட. நான் புடிச்சுட்டுத்தான இருந்தேன்."

பீரோவைப் பற்றித்தான் சொல்கிறான். மதிவதனிக்கு அது புரிந்தது. புரிந்தும் பட்டனை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

இரண்டாம் மாடியில்தான் குழப்பம் ஆரம்பித்தது. நன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தவன் திடீரென்று பீரோவை அப்படியே விட்டுவிட்டு, படியில் ஓடிய ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு போனான்.

"பெரிம்மா, பூன! பூன!" என்று கத்தினான். குரல் கீச்சென்று இருந்தது.

"இதென்னக்கா?"

"ஸ்பீடு பிரச்சினை" என்றாள் ரெஜினா உடனே. "ஒப்பு வேகமா ஓடுது, அதான் குரலு கீச்சுனு வருது. இரு, கொறைக்கறேன்." குறைத்தாள். இப்போது பூனை மெதுவாக ஓடியது. குரல் அப்படியேதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே செழியன் குரல் திரும்பி வந்து, "எடப்பக்கம் சாய்ச்சுப் புடி" என்றது. மறுபடி மாறியது. பலமாகத் தூக்கினான், அடுத்த படியில் பலமே இல்லாமல் தொங்கினான். வலது பக்கம் இடிக்கவே இல்லை. பிறகு இடித்தான்.

"பெரிம்மாங்கறானே, அவரோட பெரியம்மா ஆராச்சும்?" என்று கேட்டாள் ரெஜினா.

"பொள்ளாச்சில ஒருத்தர் இருந்தாங்க. எங்க கல்யாணத்துக்கு முன்னாலயே போயிட்டாங்க. அவங்க எங்கீங்க இந்த ஆட்டமெல்லாம்..."

இரண்டாம் திருப்பம் வந்தது. பீரோவைச் சாய்த்தார்கள். மதிவதனி சற்றே உரக்கக் கேட்டாள்: "செழியா, நாஞ்சொல்றது கேக்குதா?"

"மெதுவாப் பேசுங்க" என்று கீச்சுக் குரல் கிசுகிசுத்தது. "அப்பா தூங்குது."

மதிவதனி சடாரென்று திரும்பிப் பார்த்தாள். சாய்வு நாற்காலியில் நாச்சிமுத்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களிலும் இவர் இப்படித்தான் தூங்குவார். 'அப்பா தூங்கறாரு, மெதுவாப் பேசு' என்று செழியன் ஆயிரம் தடவை சொல்லியிருப்பான்.

பேசு என்றுதான் சொல்வான், பேசுங்க என்றல்ல. அவள் யோசனை அங்கேயே நின்றது.

"அக்கா, அவரு என்னிய ஒருநாளும் 'பேசுங்க'ன்னு சொன்னதில்ல."

"ரெண்டு ஃபைலையும் ஒட்டவெச்சமில்ல, அதுல மரியாத ஒரு படி கூடிருச்சு" என்றாள் ரெஜினா. சொல்லும்போதே அது அவளுக்கே ஒப்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நீலச் சட்டைக்காரன் திருப்பத்தில் நின்றபடி ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து விளையாடினான். முப்பத்தைந்து வயது சர்வீஸ் இன்ஜினியர் அப்படிக் குதித்து மதிவதனி பார்த்ததில்லை.

அந்தக் குரலோ என்னவோ, நாச்சிமுத்து விழித்துவிட்டார். "டீ போடலையா அம்மிணி?" என்றபடி எழுந்து வந்தவர், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "என்னாச்சு?" என்றார்.

ரெஜினா விஷயத்தைச் சொன்னாள். இரட்டைப் பெயர் வந்ததையும், இரண்டையும் ஒட்டியதையும், ஒட்டியது கிறுக்குப் பிடித்த மாதிரி ஆடுவதையும் சொன்னாள். பெயர்ப் பட்டியலைத் திரையில் கொண்டுவந்து காட்டினாள். நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். பத்திரம் படிக்கிறபோது மட்டும் மாட்டுகிற கண்ணாடி.

"ரெண்டும் ஒரே ஆளுன்னு ஆரு சொன்னது?"

"பேரு ஒண்ணுதானுங்களே, முன்ன பின்ன மாத்திப் போட்டிருக்குது."

"பேரு முன்ன பின்ன மாறுனா சொத்தே மாறிப்போகும் தாயி. நாப்பது வருசம் இதத்தான எழுதுனேன்." அவர் விரலைத் திரையில் வைத்தார். "இந்தப் பொட்டில மொதல்ல பேரு, அப்பறம் தகப்பம்பேரு. செழியன் நாச்சிமுத்து. அப்பிடின்னா நாச்சிமுத்து மகன் செழியன். சரியாப் போச்சு." விரல் ஒரு வரி இறங்கியது. "நாச்சிமுத்து செழியன். அப்பிடின்னா செழியன் மகன்..."

விரல் மட்டும் அங்கேயே இருந்தது.

பையன் பிறந்தால் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். தாத்தாவின் பெயரை உடையவன் என்பதால்தான் அவன் பேரன். இது அந்த வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்த விஷயம்.

ரெஜினாதான் முதலில் அசைந்தாள். ஒட்டிய ஒப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, மூட்டையைப் புதிதாக அவிழ்த்து, மூன்று கோப்புகளையும் தனித்தனியாக வைத்தாள். உள்ளே எங்கேயோ ஆட்டக் குறிப்பு ஒன்று இருப்பதை இப்போதுதான் தேடிப் பிடித்தாள். கடைசியாக ஆடிய நாள் போன வருஷம் ஆடி மாதம், கம்பெனி கடையை மூடுவதற்கு நாலு நாள் முன்பு. ஆடியது செழியனின் பையிலிருந்த பெட்டியில். ஆடியவர்கள் மூன்று பேர்.

"செழியன்" என்று படித்தாள் ரெஜினா. "சின்னவன் நாச்சிமுத்து. அப்பறம்..." அவள் மதிவதனியைப் பார்க்காமல் படித்தாள். "மதிவதனி. ஒப்பு."

"நானா?"

"உன்ற ஒப்பு. மூணாவது ஆளா. மூணு வருசமா வாரத்துல மூணு நாலு நாளு ஆடியிருக்காங்க. அதாங் கண்ணு உன்ற ஃபைலு அவ்வளவு பெருசு."

மதிவதனி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். உயிரோடு இருக்கிறான். இதற்குச் சந்தோஷப்பட வேண்டுமா? ஏழு வருஷமாக அதற்குத்தானே வேண்டிக்கொண்டாள். இன்னொருத்தியோடு இருக்கிறான். இதற்கு ஆத்திரப்பட வேண்டுமா? பட்டாள். ஆனால் இரண்டையும் மீறி ஒன்று நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவளை விட்டுவிட்டுப் போனவன் அவளை எடுத்துக்கொண்டும் போயிருக்கிறான். ஏதோ ஓர் ஊரில், யாரோ ஒருத்தி சமைக்கிற வீட்டில், அவள் குரல் தினமும் பேசியிருக்கிறது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே அவளைக் கூட்டிப்போய்ப் பிள்ளைக்கு விளையாட்டுக் காட்ட விட்டிருக்கிறான். பத்து வருஷத்துக்கு முன்னால், பெட்டி வாங்கிய அன்று, 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் தொட்டது அவளேதான். என்ன ஒப்புக்கொண்டோம் என்று அன்றைக்குப் படித்துப் பார்க்கவில்லை.

"பாவி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "திருட்டுப் பாவி" என்றாள்.

நாச்சிமுத்து மருமகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "என்ற பேர வெச்சிருக்கறான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவர் பட்ட பாடு பரிதாபமாக இருந்தது. மறைக்க முடியாமல் அழுதுவிட்டார். "உனக்குத் துரோகம் பண்ணிட்டான் அம்மிணி. நான் அழுவறது அதுக்கில்ல. என்னிய மன்னிச்சுரு."

மேஜையில் தண்ணீர்ச் சொம்புக்குக் கீழே வக்கீல் கொடுத்த பிரமாணப் பத்திரம் கிடந்தது. 'மேற்படி செழியனைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் எவரும் ஏழு ஆண்டுகளாக யாதொன்றும் கேள்விப்படவில்லை.' அதற்கு அடுத்த வரி, 'குழந்தைகள் இல்லை.' இரண்டு வரியும் காலை வரை உண்மையாக இருந்தன.

"நாளைக்கு என்ன பண்ணுவ?" என்று ரெஜினா மெல்லக் கேட்டாள்.

"தெரியிலீங்கக்கா." பிறகு, "அந்தப் பையன மட்டும் போடுங்க" என்றாள்.

"மதி, அது பையனில்ல. வெறும்..."

"தெரியும். ஒப்பு. போடுங்க."

அதே நாலு மாடி வீடு, அதே பச்சை பீரோ. பீரோவின் மறுமுனையில் இப்போது இடுப்பளவு உயரத்தில் ஒரு சின்ன உருவம் வந்து நின்றது. மதிவதனி தன் பெயரில் உள்ளே போன அதே வினாடி அது துள்ளியது.

"பெரிம்மா வந்தாச்சு! ஏம் பெரிம்மா இத்தன நாளு வல்ல?"

அப்பாவின் மூத்த தாரத்தைப் பிள்ளை கூப்பிட வேண்டிய முறை அதுதான். யாரோ அந்தப் பிள்ளைக்கு முறை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். செழியனா, அந்தப் பெண்ணா? பின்னால் நாச்சிமுத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

"புடிச்சுட்டீங்களா? நான் தூக்கட்டா? ஒண்ணு, ரெண்டு..."

பீரோ எழுந்தது. பையன் வலது பக்கம் இடிக்கவில்லை. அவள் ஆடுகிற மாதிரியே இடது தோளைக் கொடுத்து, ஒரு படி ஏறி, நின்று, அடுத்த படி ஏறினான். செழியனுக்குக் கடைசி வரை வராத அந்த நிதானம் இவனுக்கு வந்திருந்தது. யாரிடம் பழகினானோ அவர்களுடைய ஆட்டம்.

பதில் வராது என்று ரெஜினா காலையிலேயே சொல்லிவிட்டாள். ஆனாலும் நாளைக்குக் காலை பதினோரு மணிக்கு முன்னால் ஓர் ஊர்ப் பெயர் வேண்டும். பள்ளிக்கூடத்தின் பெயர், ஒரு கடையின் பெயர், எதுவானாலும் போதும். ஆட்டத்துக்கு நடுவில் எந்தப் பிள்ளை எதையாவது உளறாமல் இருந்திருக்கிறது?

"கண்ணு" என்றாள். "உங்க வீடு எந்த ஊர்ல இருக்குது?"

திரையின் மூலையில் மூச்சுக்கோடு சரசரவென்று குறைந்தது. பீரோ ஆடியது. பையன் இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உதட்டில் விரல் வைக்க முடியாத குறையை முகத்திலேயே காட்டினான்.

"ஷ்ஷ்" என்றான். "தூக்கறப்பப் பேசக்கூடாதுன்னு நீங்கதான பெரிம்மா சொல்லுவீங்க? திருப்பத்துல பேசிக்கலாம்."

மதிவதனி வாயை மூடிக்கொண்டாள். பீரோவை இடது தோளுக்கு மாற்றினாள். திருப்பத்துக்கு இன்னும் நாலு படி இருந்தது.